இரைப்பைப் புற்றுக்கட்டியின் நுண் இரத்த நாளங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

இரைப்பைப் புற்றுக்கட்டியில் உள்ள தந்துகி ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முறையாகப் பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுபவை துளைகள். நாளத்தின் சுவரில் துளை, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி, அந்தச் செல்களைத் தாங்கும் மெல்லிய படலமான அடிச்சவ்வில் கிழிசல். உடனே ‘கட்டியின் நாளங்கள் கசிகின்றன’ என்று குறிப்பேட்டில் எழுதத் தோன்றும். எழுதிவிடாதீர்கள். அந்தத் துளை இரைப்பைக்கு இயல்பானதாக இருக்கலாம். கட்டி உண்டாக்கியதாக இருக்கலாம். அறுவை அரங்கிலிருந்து நுண்ணோக்கி வரையிலான வழியில் நம் கைகள் உண்டாக்கியதாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தால்தான் பார்த்ததற்குப் பொருள் உண்டு. கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஒரு வேலைக்காகத்தான்.

திருநெல்வேலியிலோ மதுரையிலோ உயிரியல் படித்துவிட்டு மும்பையின் ஆய்வகங்களுக்கு வந்து சேரும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நோயறிதலில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதிகம் பயன்படுவது சிறுநீரகத் திசுவுக்கு. அதனால் செய்முறைக் குறிப்புகளும் பெரும்பாலும் சிறுநீரகத்தை ஒட்டியே இருக்கின்றன. இரைப்பைக்கு அவற்றை அப்படியே பின்பற்றினால் பல இடங்களில் தடுமாற வேண்டிவரும்.

ஏன் எலக்ட்ரான் நுண்ணோக்கி?

புதிய இரத்த நாளங்களை வரவழைக்காமல் ஒரு கட்டியால் பெரிதாக வளர முடியாது என்ற கருத்தை ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தார். கட்டிகள் நாளங்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன என்று ஹெரால்ட் டுவோராக்கின் குழு 1983இல் காட்டியது. பின்னர் விஇஜிஎஃப் என்ற பெயரில் உலகறிந்த புரதம் அதுதான். அந்தப் புரதத்தின் ஏற்பியைத் தடுக்கும் ராமுசிருமாப் என்ற மருந்துக்கு முற்றிய இரைப்பைப் புற்றுநோயில் பயன்படுத்த அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. ஆக, இரைப்பைக் கட்டியின் நாளச்சுவர் எப்படி இருக்கிறது என்ற கேள்வி சிகிச்சையோடு நேரடியாகத் தொடர்புடையது.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. நாளச்சுவரின் செல்களில் உள்ள நுண்துளைகளான சாளரத் துளைகளோ 60 முதல் 80 நானோமீட்டர் விட்டம்தான் உள்ளவை. அடிச்சவ்வின் அடுக்குகளும் செல்களுக்கு இடையிலான இணைப்புகளும் அதே அளவுலகைச் சேர்ந்தவை. எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931இல் தொடங்கிவைத்த கருவி இல்லாமல் இவற்றைப் பார்க்க வழியில்லை.

கட்டிக்கு முன் இயல்பான இரைப்பையைப் படியுங்கள்

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகும் படி இது. என் கணக்கில் மிக முக்கியமான படியும் இதுவே.

இரைப்பையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. ஒவ்வோர் அடுக்கிலும் தந்துகியின் அமைப்பு வேறு. சளிச்சவ்வின் தந்துகிகள் அதற்கு அடியில் உள்ள அடுக்கின் சிறு தமனிகளிலிருந்து கிளம்பி, சுரப்பிகளுக்கு நடுவே மேலேறி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வலைபோலப் பரவுகின்றன. இந்தத் தந்துகிகள் இயல்பிலேயே சாளரத் துளைகள் உள்ளவை. ஒவ்வொரு துளையின் குறுக்கேயும் மிக மெல்லிய மறைப்பு ஒன்று உண்டு. அமிலம் சுரக்கும் செல்கள் மறுபுறம் வெளியேற்றும் பைகார்பனேட்டை மேற்பரப்பு வரை எடுத்துச் சென்று அங்குள்ள செல்களைக் காப்பது இந்தத் தந்துகி ஓட்டத்தின் பணிகளில் ஒன்று. அதற்குத் துளையுள்ள சுவர் வசதியானது.

தசை அடுக்கின் தந்துகிகளில் இந்தத் துளைகள் கிடையாது. அவற்றின் சுவர் தொடர்ச்சியானது. எனவே சளிச்சவ்வில் வளரும் கட்டியிலிருந்து எடுத்த தந்துகியில் துளை தெரிந்தால் அதில் வியப்பில்லை. தசை அடுக்குக்குள் ஊடுருவிய கட்டியின் ஓரத்தில் துளையுள்ள தந்துகி தெரிந்தால் நின்று கவனிக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு எடுக்கும் இயல்பான திசு, கட்டி எந்த அடுக்கில் இருக்கிறதோ அதே அடுக்கிலிருந்து வர வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். அடுக்கைக் குறிக்காத மாதிரியை வைத்துச் செய்யும் ஒப்பீடு எதையும் நான் ஏற்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரைப்பைப் புற்றுநோய் வந்தவரின் ‘இயல்பான’ சளிச்சவ்வு பல நேரங்களில் இயல்பாக இருப்பதில்லை. ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவின் நெடுநாள் தொற்றால் சுரப்பிகள் தேய்ந்திருக்கும், அல்லது குடல் சளிச்சவ்வின் சாயலுக்கு மாறியிருக்கும். கட்டியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி எடுத்தாலும் இந்த மாற்றம் அங்கே இருக்கலாம். இதை ஒளி நுண்ணோக்கியில் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நோயாளியும் நோயியல் மருத்துவரும்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துண்டைக்கூடத் தொடக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாக வகுத்துள்ளன. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மும்பையில் படிவங்கள் பெரும்பாலும் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில்தான் கைக்குக் கிடைக்கும். தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் வரும் தமிழருக்கும், சிகிச்சைக்காக ஊரிலிருந்து ரயிலேறி வந்தவருக்கும் தமிழ்ப் படிவம் தயாரித்து, குழுவிடம் அதற்கும் ஒப்புதல் வாங்குங்கள். படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்பதற்கு முன் அருகில் உட்கார்ந்து பேசுங்கள். “அண்ணாச்சி, கட்டியை மருத்துவர்கள் எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள். எடுத்த பிறகு அதில் சில சிறு துண்டுகளை ஆராய்ச்சிக்குத் தர உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது.” இவ்வளவு எளிமையாகச் சொன்னால் போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

அகற்றிய இரைப்பையில் முதல் உரிமை நோயியல் மருத்துவருக்கு. கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது, வெட்டு விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்பதை அவர் சொல்ல வேண்டும். அடுத்த சிகிச்சை அதைப் பொறுத்தே அமையும். நம் துண்டுகளை அவரே தேர்ந்து தரட்டும், அல்லது அவர் காட்டும் இடத்திலிருந்து எடுங்கள்.

நோயாளியின் விவரங்களில் மூன்றைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அறுவைக்கு முன் கீமோ கொடுக்கப்பட்டதா என்பது. கீமோ நாளச்சுவரின் செல்களையும் தாக்கக்கூடியது. இரண்டாவது, நீரிழிவு. தந்துகியின் அடிச்சவ்வு தடிப்பது நீரிழிவின் அடையாளங்களில் ஒன்று. அதைக் கட்டியின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. மூன்றாவது வயது.

துண்டு எடுத்தல்: சில நிமிடங்களில் முடிவாகும் வேலை

இரைப்பையை அகற்றும் அறுவையில், இடது இரைப்பைத் தமனி உட்பட அதற்கு இரத்தம் தரும் நாளங்கள் ஒவ்வொன்றாகக் கட்டப்படுகின்றன. உறுப்பு வெளியே வருவதற்கு முன்பே திசு ஆக்சிஜன் இல்லாமல் திணறத் தொடங்கிவிடுகிறது. வெளியே வந்த பின்னும் தட்டில் காத்திருந்தால் மைட்டோகாண்ட்ரியா உப்பும், நாளச்சுவரின் செல்கள் வீங்கும், சில இடங்களில் அடிச்சவ்விலிருந்து பிரியும். பிறகு என்ன செய்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கடைசித் தமனி கட்டப்பட்ட நேரம், உறுப்பு வெளியே வந்த நேரம், திசுவைச் சிதையாமல் இருந்தபடியே நிறுத்தும் கரைசலான நிலைப்படுத்தியில் துண்டு விழுந்த நேரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். உறுப்பு வெளிவந்த ஐந்து நிமிடங்களுக்குள் துண்டு நிலைப்படுத்தியில் இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் எல்லை. பதினைந்து நிமிடம் தாண்டிய துண்டுகளை வைத்து நாளத்தின் பொது வடிவத்தைப் பற்றிப் பேசலாம், நுண்ணிய அளவீடுகள் எடுக்கக்கூடாது.

மும்பையில் இதற்கு ஒரு நடைமுறைப் பொருள் உண்டு. அறுவை நடப்பது பரேலில், நுண்ணோக்கி இருப்பது கார்கரிலோ பவாயிலோ என்றால் வழியில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் வாஷி பாலத்தைத் தாண்டுவதற்குள் மணிக்கணக்கு ஆகலாம். ஆகவே நிலைப்படுத்தி அரங்கின் வாசலுக்கே வர வேண்டும். ‘ஆய்வகத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்’ என்ற எண்ணத்துக்கே இடமில்லை. நிலைப்படுத்தியில் விழுந்த துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து நிதானமாக எடுத்துச் செல்லலாம். ஆனால் குப்பி நேரடியாக ஐஸ்கட்டியைத் தொட வேண்டாம், துண்டு உறையவே கூடாது. உறைந்தால் செல்லுக்குள் உருவாகும் பனிப்படிகங்களும் துளைகளைத்தான் உண்டாக்கும்.

எங்கிருந்து எடுப்பது? கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகியிருக்கும், வேண்டாம். உயிருள்ள பகுதியிலிருந்து ஒன்று, கட்டி இயல்பான திசுவுக்குள் நுழையும் முனையிலிருந்து ஒன்று, தொலைவிலுள்ள இயல்பான பகுதியில் அதே அடுக்கிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே இன்னொரு துண்டை எடுத்து ஃபார்மலினில் போட்டு வழக்கமான பாரஃபின் பிளாக்காக மாற்றுங்கள். கட்டி குடல் வகையா பரவல் வகையா என்று லாரன் 1965இல் வகுத்தபடி பிரிக்கவும், சிடி31, டி2-40 போன்ற எதிர்ப்பொருள் சாயங்களால் இரத்த நாளத்தையும் நிணநாளத்தையும் பிரிக்கவும் அது உதவும்.

மின்கத்தி பட்ட விளிம்பைத் தவிருங்கள். எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்த துண்டு வேறு வகை. அது சில நொடிகளில் நிலைப்படுத்திக்குள் போய்விடுகிறது, தமனிகளும் கட்டப்பட்டிருக்காது. செல்களின் உட்புறம் மிக நன்றாகக் காக்கப்படும். ஆனால் கவ்வியின் அழுத்தத்தால் ஓரங்கள் நசுங்கியிருக்கும், சளிச்சவ்வைத் தாண்டி ஆழமாக எதுவும் கிடைக்காது. சளிச்சவ்வின் நாளங்கள் மட்டுமே உங்கள் கேள்வி என்றால் அறுவைத் துண்டைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நிலைப்படுத்தல்

குளூட்டரால்டிஹைடைத் திசுவுக்குப் பயன்படுத்தும் முறை 1963இல் வந்தது. புரதங்களைப் பிணைத்து இறுக்கிவிடும் வேதிப்பொருள் அது. அதன் பெரிய குறை, திசுவுக்குள் மிக மெதுவாகப் புகுவது. எனவே துண்டின் ஒரு பக்கமாவது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மெழுகுத் தகட்டில் ஒரு சொட்டு நிலைப்படுத்தியை விட்டு, அதில் துண்டை வைத்து, இரண்டு புதிய பிளேடுகளை எதிரெதிராக இழுத்து வெட்டுங்கள். மேலிருந்து அழுத்தி வெட்டினால் தந்துகிகள் தட்டையாகிவிடும்.

வழக்கமான கலவை 0.1 மோலார் பஃபரில் 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடு, பிஎச் 7.2 முதல் 7.4 வரை. பத்து மில்லிலிட்டர் வேண்டுமானால் 25 சதவீதக் கரைசல் ஒரு மில்லிலிட்டர், 0.2 மோலார் பஃபர் ஐந்து மில்லிலிட்டர், வடிநீர் நான்கு மில்லிலிட்டர். எலக்ட்ரான் நுண்ணோக்கித் தரம் என்று குறிக்கப்பட்ட கரைசலையே வாங்குங்கள். கேகோடைலேட் பஃபரில் ஆர்சனிக் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பாஸ்பேட் பஃபர் பாதுகாப்பானது, மலிவானது, பெரும்பாலான வேலைக்குப் போதுமானது. துண்டுகள் பெரிதாக அமைந்துவிடும் என்று தோன்றினால் கார்னோவ்ஸ்கி 1965இல் தந்த கலவையைப் பயன்படுத்துங்கள். அதில் சேரும் பாராஃபார்மால்டிஹைடு விரைவாக உள்ளே புகும்.

திசுவின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு கரைசல், நான்கு டிகிரி செல்சியஸ், இரண்டு முதல் நான்கு மணி நேரம். பிறகு அதே பஃபரில் மூன்று முறை கழுவுங்கள். கழுவலில் சோம்பல் காட்டினால் எஞ்சிய குளூட்டரால்டிஹைடு அடுத்த படியில் ஆஸ்மியத்தோடு வினைபுரிந்து கருப்பு மணிகளாகப் படியும்.

அடுத்தது ஒரு சதவீத ஆஸ்மியம் டெட்ராக்சைடு, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். இது செல்சவ்வின் கொழுப்பைப் பிடித்து நிறுத்துகிறது, படத்தில் கருமை, வெளுமை மாறுபாட்டையும் தருகிறது. இதன் ஆவி கண்ணின் கருவிழியையே நிலைப்படுத்திவிடும் அளவுக்கு ஆபத்தானது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்கு வெளியே குப்பியைத் திறக்கவே கூடாது. மீந்த கரைசலில் சமையல் எண்ணெய் ஊற்றினால் ஆஸ்மியம் அதனுடன் வினைபுரிந்து செயலிழக்கும், எண்ணெய் கருத்துவிடும். அதன்பிறகே கழிவுக்குழுவிடம் ஒப்படையுங்கள்.

நீர் நீக்கலும் ரெசினும், மும்பை மழைக்காலமும்

எத்தனால் 30, 50, 70, 90 சதவீதம் என ஒவ்வொன்றிலும் பத்து முதல் பதினைந்து நிமிடம், பிறகு நீரற்ற எத்தனாலில் மூன்று முறை. அன்றே முடிக்க இயலாவிட்டால் 70 சதவீதத்தில் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வைக்கலாம். அதன்பின் புரோப்பிலீன் ஆக்சைடில் இரண்டு முறை. இது எளிதில் தீப்பற்றும், உடலுக்கும் கேடு. பிறகு அதையும், திசுவுக்குள் ஊறி இறுகி அதை வெட்டத்தக்க பிளாக்காக மாற்றும் ரெசினையும் சம அளவில் கலந்த கலவையில் இரண்டு மணி நேரம், ரெசின் கூடிய கலவையில் ஓர் இரவு, தூய ரெசினில் அரை நாள். எப்பான் வகையாகட்டும், நம் ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் அரால்டைட் சிஒய்212 ஆகட்டும், 60 டிகிரியில் 48 மணி நேரத்தில் இறுகிவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் காற்றில் இருக்கும் ஈரம் இந்த வேலைக்குப் பகை. ரெசினின் கூட்டுப்பொருள்கள் ஈரத்தை உறிஞ்சும். ‘நீரற்ற’ எத்தனாலும் மூடியைத் திறந்த கணத்திலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். விளைவு, பிளாக் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும், அல்லது திசு இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையாக இருந்து கத்தி பட்டதும் பிய்ந்து வரும். அப்படிப் பிய்ந்த இடம் நுண்ணோக்கியில் நாளத்தின் உட்குழி போலவே வெள்ளையாகத் தெரியும். குளிர்பெட்டியில் இருந்த பாட்டில்களை அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே திறவுங்கள். எத்தனால் பாட்டிலில் நீரை ஈர்க்கும் மூலக்கூறுச் சல்லடை மணிகளைப் போட்டுவையுங்கள். குப்பிகளைச் சிலிக்கா ஜெல் உள்ள பெட்டியில் காத்திடுங்கள். ரெசினை இறுகவைக்கும் முடுக்கியைச் சேர்த்தபின் நிறம் ஒரே சீராக வரும் வரை கலக்குங்கள்.

அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதி ரெசினுக்குள்ளேயே பதித்துவிடுங்கள். பேனா மை கரைந்துபோகும். சளிச்சவ்வுத் துண்டாக இருந்தால் மேற்பரப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து நெட்டுக்குத்தாக வையுங்கள். சுரப்பிகளின் திசை தெரிந்தால் தந்துகி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

அரை மெல்லிய செக்‌ஷன்: உண்மையான தேடல் இங்கேதான்

பிளாக்கை ஒரு மைக்ரான் தடிமனில் கண்ணாடிக் கத்தியால் சீவி செக்‌ஷன் எடுத்து, சூடான தட்டின் மேல் டொலுடின் ப்ளூ சாயமிட்டு, ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள். பலர் இதை ஒரு சடங்காக முடித்துவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஓடுகிறார்கள். நான் இங்கே செலவிடும் நேரம் அங்கே செலவிடும் நேரத்தைவிட அதிகம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. மெல்லிய செக்‌ஷனின் தடிமன் சுமார் 70 நானோமீட்டர். ஏழு மைக்ரான் விட்டமுள்ள ஒரே ஒரு சிவப்பணுவை முழுதாகக் கடக்க அப்படிப்பட்ட நூறு செக்‌ஷன்கள் வேண்டும். இவ்வளவு சிறிய ஒன்றைப் பார்த்துக் கட்டி முழுவதையும் பற்றிப் பேசுகிறோம் என்றால், எந்த இடத்தைத் தேர்ந்தோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். அழகான படம் கிடைக்கும் நாளத்தை மட்டும் தேடிப் போகாதீர்கள். அரை மெல்லிய செக்‌ஷனில் தெரியும் எல்லா நாளங்களுக்கும் எண் கொடுத்து வரைபடம் போட்டு, எவற்றைப் பார்ப்பது என்று குலுக்கல் முறையில் எடுங்கள்.

இந்த நிலையிலேயே மூன்று கேள்விகளுக்கு விடை காணலாம். இது எந்த அடுக்கு? இங்கே கட்டிச் செல்கள் இருக்கின்றனவா, எவ்வளவு தொலைவில்? நாளம் குறுக்காக வெட்டுப்பட்டிருக்கிறதா, சாய்வாகவா? சாய்வாக வெட்டுப்பட்ட நாளத்தில் அடிச்சவ்வு தடித்தும் மங்கியும் தெரியும். அதை வைத்து எதையும் அளக்க வேண்டாம்.

தேர்ந்த இடம் மட்டும் எஞ்சும்படி பிளாக்கின் முகத்தைச் சரிவகமாகச் செதுக்கி, வைரக் கத்தியால் வெட்டுங்கள். செக்‌ஷன்கள் கத்தியின் நீர்த்தொட்டியில் மிதக்கும்போது, மழை நனைத்த சாலையில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைப்போல நிறம் காட்டும். சாம்பல் நிறம் 60 நானோமீட்டருக்கும் மெல்லியது, வெள்ளி 60 முதல் 90 வரை, பொன்னிறம் அதற்கு மேல். வெள்ளி நிறத்தை எடுங்கள். ரயில் பாதையை ஒட்டிய கட்டடங்களில் அதிர்வு செக்‌ஷனில் வரிவரியாகப் பதியும். அதிர்வுதாங்கி மேசையும் ஓய்ந்த நேரமும் தேவை. குளிர்சாதனக் காற்று நேரே படக்கூடாது.

சீவலைத் தாங்கும் சிறு உலோகத் தகடான கிரிட்டைத் தேர்வதில் என் கருத்து உறுதியானது. நாளச்சுவரை முழுச் சுற்றாகப் பார்க்க வேண்டுமென்றால் ஃபார்ம்வார் படலம் போட்ட ஒற்றைத் துளை கிரிட்டே சரி. கட்டங்கள் உள்ள செப்பு கிரிட்டில் பாதி நாளம் கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அந்தப் பாதியில் என்ன இருந்தது என்று தெரியாமலே போகும்.

சாயமிடல் எளிது: யுரேனைல் அசிடேட் இருட்டில் பத்து முதல் இருபது நிமிடம், கழுவல், பிறகு ரெனால்ட்ஸ் 1963இல் தந்த லெட் சிட்ரேட் ஐந்து நிமிடம். யுரேனைல் அசிடேட் மெல்லிய கதிரியக்கமும் நச்சும் உள்ளது, நிறுவனத்தின் கதிரியக்கப் பாதுகாப்பு விதிப்படி கையாளுங்கள். லெட் சிட்ரேட் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கருப்புத் துகளாகப் படியும். பக்கத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு மணிகளை வைத்து, மூடியின் கீழ் சாயமிடுங்கள், மூச்சுக்காற்று படாமல்.

பார்த்தலும் படித்தலும்

80 கிலோவோல்ட் போதும். முதலில் இரண்டாயிரம் மடங்கு அளவில் நாளம் முழுவதையும் சுற்றுப்புறத்தோடு படமெடுங்கள். பிறகு பத்தாயிரம், இருபதாயிரம், கடைசியாகத் துளைகளின் மறைப்பும் இணைப்புகளும் தெரிய நாற்பதாயிரம். முதல் படத்தை எடுக்காமல் நேரே நாற்பதாயிரத்துக்குப் போனால், எந்த நாளத்தின் எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள் என்று பின்னர் உங்களாலேயே சொல்ல முடியாது.

நாளத்தின் உள்ளிருந்து வெளியே வாருங்கள். உட்குழியில் சிவப்பணுவா, தட்டணுக்களா, இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் இழைகளா, கட்டிச் செல்லா? அடுத்தது சுவரின் உட்புறத்தை மூடும் அகவணி செல்கள். இவை இரத்த நாளத்துக்கு உரியவைதாம் என்று காட்டும் நல்ல அடையாளம் வைபல்-பலாடே உடல்கள். எவால்ட் வைபலும் ஜார்ஜ் பலாடேயும் 1964இல் விவரித்த, இரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியைச் சேமித்துவைக்கும் சிறு குச்சிகள். ஆனால் தந்துகிகளில் அவை அரிதாகவும் இருக்கலாம் என்பதால், இல்லாததை வைத்து முடிவு கட்டாதீர்கள். செல்லின் தடிமன், சாளரத் துளைகள், அவற்றின் மறைப்பு, சிறு குமிழ்கள், செல்கள் சந்திக்கும் இணைப்பு என ஒவ்வொன்றையும் குறியுங்கள். கட்டியில் அகவணி செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியோ, உட்குழிக்குள் விரல்களை நீட்டியோ நிற்பதைக் காணலாம்.

பின்னர் அடிச்சவ்வும், தந்துகியை வெளியிலிருந்து அணைத்து நிற்கும் செல்லான பெரிசைட்டும். இயல்பான தந்துகியில் பெரிசைட்டும் அகவணியும் ஒரே அடிச்சவ்வைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கும். கட்டியின் நாளத்தில் பெரிசைட் சுவரைவிட்டு விலகி, தன் கைகளைத் திசுவுக்குள் நீட்டியிருக்கும். அடிச்சவ்வு ஓரிடத்தில் பல அடுக்காகவும், இன்னோரிடத்தில் இல்லாமலும் இருக்கும். பெரிசைட் அடியோடு இல்லை என்று எழுதுவதற்கு முன் பல செக்‌ஷன்களைப் பாருங்கள். ஒரு செக்‌ஷனில் தென்படாத செல் அடுத்த சிலவற்றில் வந்துவிடும்.

நிணநாளத்தைக் கட்டியின் தந்துகி என்று எண்ணிவிடுவது இங்கே எளிதில் நேரும் பிழை. நிணநாளத்துக்கும் அடிச்சவ்வு தொடர்ச்சியாக இருக்காது, பெரிசைட் இருக்காது, வடிவமும் ஒழுங்கற்றது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த செல் ஓரங்களும், சுவரிலிருந்து சுற்றியுள்ள கொலாஜனுக்குள் செல்லும் நங்கூர இழைகளும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

துளை யாருடையது?

மறைப்புடன், ஒரே அளவில், செல்லின் மெல்லிய பகுதியில் வரிசையாக இருக்கும் 60–80 நானோமீட்டர் துளைகள் சளிச்சவ்வில் இயல்பானவை. கட்டியில் அவை கூடினவா குறைந்தனவா என்பதை எண்ணித்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: துளையின் விட்டமும் செக்‌ஷனின் தடிமனும் ஏறக்குறைய ஒன்றுதான். துளையின் ஓரம் மட்டும் வெட்டுப்பட்டால் அது மங்கலாகத் தெரியும், மறைப்பு இருப்பது தெரியாமலும் போகலாம்.

பெரிய இடைவெளிகள் வேறு கதை. எலியின் மார்புக்கட்டியில் செய்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு, அகவணி செல்களுக்கு இடையே சராசரியாக ஒரு மைக்ரானுக்கும் பெரிய திறப்புகளைக் காட்டியது. மனித இரைப்பையில் அத்தகையதைக் கண்டால், முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள். உண்மையான திறப்பின் விளிம்பைச் செல்சவ்வு முழுமையாக மூடி வழவழப்பாக்கியிருக்கும். கையால் நேர்ந்த கிழிசலில் சவ்வு அறுந்து, சைட்டோபிளாசம் வெளியே திறந்து கிடக்கும். அடுத்து, திறப்பின் வாயில் தட்டணுக்கள் ஒட்டியிருக்கின்றனவா, வெளியே ஃபைப்ரின் படிந்திருக்கிறதா என்று தேடுங்கள். உயிருள்ளபோதே திறந்திருந்தது என்பதற்கு அவை சான்று. வெளியே கிடக்கும் சிவப்பணுக்களை மட்டும் நம்ப வேண்டாம், அறுவையின்போதே அவை கசிந்திருக்கலாம். மூன்றாவதாக, பக்கத்தில் உள்ள செல்களின் மைட்டோகாண்ட்ரியா. அவை எங்கும் உப்பிக் கிடந்தால் நிலைப்படுத்தல் தவறியிருக்கிறது. அந்த பிளாக்கிலிருந்து துளைகளைப் பற்றி எந்த முடிவும் வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் தொடர் செக்‌ஷன்கள்தான் வழி. பிளாக்கின் முகத்தைச் சீவிச் சீவிப் படமெடுக்கும் முறையை டென்க்கும் ஹார்ஸ்ட்மனும் 2004இல் வெளியிட்டனர். அந்த வசதி கிடைக்கும் இடத்தில் நாளம் முழுவதையும் முப்பரிமாணத்தில் காணலாம். நாளங்களின் கிளைப்பு மட்டும் தெரிய வேண்டுமென்றால், தமனி வழியே ரெசினைச் செலுத்தித் திசுவைக் காரத்தில் கரைத்து, எஞ்சும் வார்ப்பை ஸ்கேனிங் நுண்ணோக்கியில் பார்க்கும் முறை அருமையானது. ஆனால் அது திசுவையே அழித்துவிடும் என்பதால் நோயாளியின் இரைப்பையில் அதற்கு இடமில்லை, விலங்கு மாதிரிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளத்தலும் எழுதுதலும்

அளவிடும் நாளன்று கருவியைச் சரிபார்க்க, மில்லிமீட்டருக்கு 2160 கோடுகள் உள்ள தட்டின் படத்தை எடுங்கள். கோடுகளின் இடைவெளி 463 நானோமீட்டர் வர வேண்டும். படங்களுக்கு வேறொருவர் குறியீட்டு எண் இடட்டும். எது கட்டி, எது இயல்பு என்று அறியாமல் எண்ணுங்கள். துளைகளை நாளம் ஒன்றுக்கு இத்தனை என்று எண்ணாமல், அகவணியின் ஒரு மைக்ரான் நீளத்துக்கு இத்தனை என்று கணக்கிடுங்கள். புள்ளியியலில் அலகு நோயாளிதான். ஒரே நோயாளியின் இருபது நாளங்கள் இருபது சான்றுகள் ஆகிவிடாது.

அறிக்கையில் ‘கசிகிறது’ என்ற சொல்லைத் தவிருங்கள். நாம் பார்ப்பது நின்றுபோன திசுவை, அதில் ஓட்டம் இல்லை. ‘சவ்வு மூடிய விளிம்புடன் திறப்பு, அதன் வாயில் தட்டணுக்கள், வெளியே ஃபைப்ரின்’ என்று கண்டதை எழுதினால், கசிவைப் பற்றிய முடிவைப் படிப்பவர் சான்றோடு எடுப்பார். ஒவ்வொரு படத்தின் கீழும் அடுக்கு, கட்டியிலிருந்து தொலைவு, நிலைப்படுத்தியில் விழுவதற்கு ஆன நிமிடங்கள், கீமோ மற்றும் நீரிழிவு விவரம், அளவுகோல் ஆகியவை இருக்கட்டும். படத்தின் மூலக் கோப்பைத் திருத்தாமல் வைத்திருங்கள். பிளாக்குகளை ஈரம் படாத பெட்டியில், அரை மெல்லிய செக்‌ஷனின் கண்ணாடித் தகட்டோடு சேர்த்து, ஒரே எண்ணில் அடுக்கிவையுங்கள். உங்கள் முடிவில் ஐயம் கொள்பவர் அதே நாளத்தைத் தேடி மீண்டும் வெட்டிப் பார்க்க அவருக்கு அந்த எண் வேண்டும்.